பதினேழாம் நம்பர் கட்டில்

"பாட்டிலைத் தூக்கிப் பிடிடா! கீழ இறக்காதே!"

கட்டிலைச் சக்கரத்தோடு தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தார் இன்னாசிராஜ். வயது அறுபத்தெட்டு. கட்டில் மேல் அவர் மனைவி டோரதி, வாயை இறுக்க மூடி, ஓடுகிற டியூப்லைட்டுகளை எண்ணிக்கொண்டு கிடந்தார். பக்கத்திலேயே குளுக்கோஸ் பாட்டிலைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி மகன் ஆஸ்டின், சப்பரத்துக்குக் குடை பிடிக்கிறவன் மாதிரி, மூச்சிரைக்க ஓடி வந்தான்.

மாடிப்படி ஏறி வந்த மருமகள் லிசி நடு வராந்தாவில் நின்றாள். இரண்டு கையாலும் கட்டிலைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாமா, எங்க போறீங்க?"

"வழியை விடும்மா. அந்தக் கோடியில பதினஞ்சாவது இடம் காலியா இருக்கு. உங்க அத்தையைப் படுக்க வச்சிருந்த இடம் எத்தனாம் நம்பர் தெரியுமா? பதினேழு! ஒண்ணும் ஏழும் எத்தனை?"

"எட்டு."

"தெரியுதுல்ல? தெரிஞ்சும் அங்க படுக்க வச்சிருக்கே."

லிசி கட்டிலைச் சுற்றி வந்தாள். குனிந்து, கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் மாட்டியிருந்த தகரத்தை விரலால் தட்டிக் காட்டினாள். வெள்ளைப் பெயிண்டில் பளிச்சென்று இருந்தது: 17.

"நம்பர் சுவத்துல இல்ல மாமா. கட்டில்ல இருக்கு. இவ்வளவு தூரம் அதையும் சேர்த்துத்தான் தள்ளிட்டு வந்திருக்கீங்க."

இன்னாசிராஜ் அந்தத் தகரத்தைப் பார்த்தார். பாம்பைப் பார்ப்பது போல.

அதற்குள் வார்டு சிஸ்டர் பொன்னுத்தாய் செருப்புத் தேய ஓடி வந்துவிட்டாள். "என்ன சார் இது? அந்தம்மா பாத்ரூமுக்கே நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்க தள்ளுவண்டி ஓட்டுறீங்க! தர்பூசணியா விக்கிறீங்க?"

ஆஸ்டின் பாட்டிலை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினான். அந்த நிமிடம் அவன் செய்த ஒரே காரியம் அதுதான். ஆஸ்டின் கெட்டவன் இல்லை. அவன் எதுவுமே இல்லை, அவ்வளவுதான்.

கட்டில் திரும்பவும் பழைய இடத்துக்கே போனது.

போன வெள்ளிக்கிழமை காந்தி மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த டோரதி, பேரம் படியும் முன்னே தரையில் சாய்ந்தார். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கி ஊசித்துளை அளவுக்கு வந்துவிட்டது என்றார்கள். "மாத்தி வைக்கலாம், நல்லா இருப்பாங்க. ஆனா இன்னொரு மயக்கம் வந்தா எழுப்ப முடியும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் பெரிய டாக்டர். வெளியூரிலிருந்து மாதம் இரண்டு தடவைதான் வருகிறவர் அவர். நாளைக்கு வருகிறார். நாளை தேதி இருபத்தாறு. அதை விட்டால் அடுத்த மாதம் ஒன்பது.

இரண்டும் ஆறும் எட்டு. ஆகவே ஒன்பதாம் தேதி வரைக்கும் அந்த ஊசித்துளை வழியே உயிரை ஓட்டச் சொல்லுகிறார் இன்னாசிராஜ்.

இந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் லிஸ்ட் போடுகிற மேஜையில் லிசி உட்கார்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மற்ற நாட்களில் தியேட்டரில் ஒரு மணி நேரம் பிடிக்கச் சிபாரிசு வேண்டும். எட்டு, பதினேழு, இருபத்தாறு மட்டும் ஈ ஓட்டும். படித்தவன், படிக்காதவன், காரில் வந்தவன், பஸ்ஸில் வந்தவன், நெற்றியில் நாமம் போட்டவன், கழுத்தில் சிலுவை போட்டவன், அத்தனை பேரும் அந்த மூன்று நாளையும் சொல்லி வைத்தாற்போல ஒதுக்கிவிடுவார்கள். அதனால்தான் அத்தைக்கு முதல் இடமே கிடைத்தது. காலை ஏழு மணி, கழுவித் துடைத்த தியேட்டர், களைப்பில்லாத டாக்டர்.

சம்மதப் படிவத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று நோயாளி, ஒன்று உறவினர். சாயங்காலம் நாலு மணிக்கு லிஸ்ட் மூடப்படும். அதற்குள் படிவம் வரவில்லையென்றால் அந்த இடம் தஞ்சாவூரிலிருந்து வந்து காத்திருக்கிற ஒருவருக்குப் போகும். இப்போது மணி ஒன்று இருபது.

"மாமா, கையெழுத்துப் போடுங்க."

"போட மாட்டேன். உன் பொறந்த தேதி பதினேழு. நீ பிடிச்சுக் குடுத்த தேதி இருபத்தாறு. படுக்க வச்ச கட்டில் பதினேழு. மூணு எட்டு, லிசி! மூணு பக்கமும் எட்டைக் கட்டி வச்சு நடுவுல என் பொண்டாட்டியைப் படுக்க வச்சிருக்கே."

"நாலாவது பக்கம் நீங்க நிக்கிறீங்க மாமா. அதான் எனக்குப் பயமா இருக்கு."

"லிசி..." என்றான் ஆஸ்டின். அதற்கு மேல் அவனிடம் வாக்கியம் இல்லை.

பதினேழாம் தேதி பிறந்தவள் என்பது லிசி அந்த வீட்டில் செய்த முதல் குற்றம். கல்யாணத்துக்கு முன் கேட்டபோது ஆஸ்டின் "பதினாலு" என்று சொல்லிவைத்தான். அவன் வாழ்க்கையின் ஒரே வீரச்செயல். மூன்றாம் மாதம் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப்போனபோது குட்டு உடைந்தது. அன்றிலிருந்து பதினோரு வருஷமாக மிக்ஸி புகைந்தாலும் லிசி, மோட்டார் காயில் எரிந்தாலும் லிசி, மாமனாரின் பெயிண்ட் கடைக்கு எதிரே மாநகராட்சி பள்ளம் தோண்டினாலும் லிசி. சொல்லும்போதெல்லாம் அத்தை பக்கத்தில்தான் இருப்பார். ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னதில்லை. ஒரு வார்த்தை மறுத்துச் சொன்னதும் இல்லை.

"அத்தை, நீங்களாவது போடுங்க. உங்க உடம்பு. உங்க கையெழுத்துத்தான் முக்கியம்."

டோரதி மருமகளைப் பார்த்தார். "அவர் முதல்ல போடட்டும்மா. போட்டதும் நான் போடுறேன்" என்றார்.

இன்னாசிராஜ் வெற்றியோடு நிமிர்ந்தார். "கேட்டியா? அவளோட ஆறாம் நம்பர்தான் இந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினது. ஜூன் பதினஞ்சு. ஒண்ணும் அஞ்சும் ஆறு. லட்சுமிகரம்! அந்த ஆறை எட்டுல கொண்டுபோய் அறுக்கச் சொல்றே."

"யார் சொன்னா கையெழுத்துப் போடுவீங்க?"

"எண்கணிதம் மாதவன் சார் சொல்லணும். கைப்பட எழுதித் தரணும். அவர் எழுதித் தந்தா இதே கட்டில்லயே படுக்க வைக்கிறேன். ஆனா அவர் நேத்தே ஒன்பதுன்னு சொல்லிட்டாரு."

லிசி ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"அவரு அப்பாயின்ட்மென்ட் இல்லாம யாரையும் பார்க்க மாட்டாரு லிசி" என்றான் ஆஸ்டின்.

"என்னைப் பார்ப்பாரு" என்றாள் லிசி.

காவிரிப் பாலத்தில் வெயில் தகித்தது. முன்னால் ஒரு வாழைத்தார் லாரி நத்தை போல ஊர்ந்தது. ஸ்கூட்டரின் ஹாரனை அடித்துக்கொண்டிருந்த லிசிக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஸ்கூட்டருக்கும் மாமனார்தான் நம்பர் பார்த்தார். கூட்டினால் ஆறு. இதுவரை மூன்று தடவை விழுந்திருக்கிறாள்.

இந்தப் பைத்தியம் பிறந்தது பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், பாலக்கரையில் இன்னாசிராஜின் பெயிண்ட் கிடங்கு எரிந்தபோது. எட்டாம் தேதி எரிந்தது. எலி கடித்த ஒயர் என்று எழுதிக் கொடுத்தான் மின்வாரியத்துக்காரன். எலியை விட்டுவிட்டார் இன்னாசிராஜ். எட்டைப் பிடித்துக்கொண்டார். மாதவன் சொன்னபடி, கடைக்கு இருந்த தன் பெயரை எடுத்துவிட்டு 'டோரதி பெயிண்ட்ஸ்' என்று மனைவியின் பெயரை வைத்தார். அந்த வருஷம் பார்த்து கே.கே.நகர் பக்கம் வீடுகள் வரிசையாக எழும்பின. பெயிண்ட் விற்காமல் என்ன செய்யும்? மாதவன் மாலை வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு வீட்டு மாடிப்படியில் எட்டாம் படிக்கு மேல் அரைப்படி ஒன்று சிமென்டில் முளைத்தது. ஏறுகிறவர்கள் எல்லாம் அங்கேதான் தடுக்குவார்கள். காலண்டரில் மாதம் மூன்று தேதிகள் வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைக்கப்பட்டன. பதிமூன்று என்றால் யூதாஸ் பயம், எட்டு என்றால் சனி பயம். ஞாயிற்றுக்கிழமை மேலப்புதூர் மாதா கோயிலில் நற்கருணை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை ஸ்ரீரங்கத்தில் சனிக்குப் பரிகாரம் வாங்கி வருகிறவர் அவர். ஒரே சட்டைப்பையில் ஜெபமாலையும் எண்கணிதச் சீட்டும். ஒன்றை ஒன்று கேள்வி கேட்டதே இல்லை.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் போவார். செப்டம்பர் ஏழாம் தேதி சாயங்காலம் பெரிய தேர் பார்ப்பார். எட்டாம் தேதி மாதாவின் பிறந்தநாள், பெருவிழா திருப்பலி. அதற்கு மட்டும் நிற்க மாட்டார். விடிவதற்குள் வீடு வந்து கதவைச் சாத்திக்கொள்வார். உலகம் பூராவும் எட்டாம் தேதிக்காக நடந்து வருகிற ஊரிலிருந்து எட்டாம் தேதிக்குப் பயந்து ஓடி வருகிற ஒரே பக்தர். அத்தைதான் அன்றைக்குப் புதுப்புடவை கட்டி, கோயிலுக்குப் போய்விட்டு வந்து, பாயசம் வைப்பார். "மாதா பொறந்தநாள்" என்பார். மாமா இரண்டு டம்ளர் குடிப்பார்.

ராஜகோபுரத்தைத் தாண்டி, ஒரு ஜவுளிக்கடை மாடியில் மாதவனின் அலுவலகம். 'எண் ஞானச் செம்மல்' என்று போர்டு. போர்டுக்குப் பக்கத்தில் கதவு எண்ணின் மேல் பிளாஸ்டிக் மாலை ஒன்று தொங்கியது. லிசி மாலையை ஒரு விரலால் ஒதுக்கிப் பார்த்தாள். 53.

ஐந்தும் மூன்றும்.

யாரும் குடிவராமல் கிடந்த இடமாக இருக்கும். சுலபமாகப் பிடித்திருப்பார்.

உள்ளே ஏ.சி. குளிரில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் மஜீதா என்றொரு அம்மாள், உறையூரில் தையல் கடை வைத்திருப்பவர், தானாகவே பேச்சுக் கொடுத்தார். "கடைப் பேரை நாலாவது தடவையா மாத்துறேன்மா. போர்டு எழுதுறவர் வீடு கட்டிட்டாரு. நான் இன்னும் வாடகைக் கடையிலதான் இருக்கேன்."

"அப்புறம் ஏங்க வர்றீங்க?"

"நாலு தடவை மாத்துனது தப்பாப் போச்சுன்னு ஒத்துக்க மனசு வரலையே."

இத்தனை வருஷத்தில் இதைப் பற்றி லிசி கேட்ட ஒரே நேர்மையான பதில் அதுதான்.

உள்ளறைக் கதவு திறந்தது. ஒரு ஆளை வழியனுப்ப எட்டிப் பார்த்த மாதவன், லிசியைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"நீங்க... தில்லைநகர் ஆஸ்பத்திரியில..."

"தியேட்டர் டெஸ்க் சார்."

"உள்ள வாங்க மேடம். வாங்க, வாங்க."

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள், குடலிறக்கம் என்று வலது பக்கத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு லிசியின் மேஜை முன் நின்றவர் அவர். தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதினார். "எந்தத் தேதி சார் வேணும்?" என்று கேட்டாள் லிசி. "பதினேழு போடும்மா. அன்னைக்குக் கூட்டம் இருக்காது" என்றார். நன்றாக ஆறிற்று. ஆறாம் நாள் நடந்து போனார். அடுத்த தை மாதம் மாமனார் கொண்டுவந்து மாட்டிய எண்கணிதக் காலண்டரில் அதே முகம் சிரித்தபோதுதான் லிசிக்கு ஆள் யாரென்று தெரிந்தது.

யாரிடமும் சொன்னதில்லை. நோயாளியின் விவரம் வெளியே போகக் கூடாது என்பது வேலையின் சட்டம். இன்றைக்கும் அதை உடைக்க அவள் வரவில்லை. முகத்தைக் காட்ட வந்தாள்.

"டோரதி பெயிண்ட்ஸ் இன்னாசிராஜ் என் மாமனார். நாளைக்கு அத்தைக்கு ஆபரேஷன். இருபத்தாறு. நீங்க வேண்டாம்னு சொல்லியிருக்கீங்களாம்."

"அது வந்து... பொதுப்பலன் மேடம். போன்ல சொன்னது. ஆழ்ந்து பார்த்தா வேற வரும்."

"ஆழ்ந்து பாருங்க சார். நாலு மணிக்கு லிஸ்ட் மூடுறோம்."

மாதவன் ஆழ்ந்து பார்த்தார். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மஞ்சள் தடவிய ஒரு தாளில் எழுதினார்: 'இருபத்தாறில் ஆறு மறைந்து நிற்கிறது. அம்மையாரின் எண்ணும் ஆறு. ஆறும் ஆறும் சேர்வது ஆயுள் விருத்தி. உத்தமம்.' கையெழுத்துப் போட்டார். பிறகு ஏதோ யோசித்து, ஓரத்தில் பொடி எழுத்தில், 'சான்றிதழில் உள்ள பிறந்த தேதிப்படி' என்று சேர்த்தார்.

"இது எதுக்கு?"

"ஒரு பாதுகாப்புக்கு மேடம். பின்னால ஏதாவது ஆச்சுன்னா..." தாளை நீட்டியவர் குரலைத் தாழ்த்தினார். "எட்டு எல்லாருக்கும் கெடுதல் பண்ணாதுங்க."

"தெரியும் சார். சில பேருக்கு நல்லாவே ஆறிடுது."

மணி மூன்று முப்பத்தைந்துக்கு லிசி வார்டுக்குள் நுழைந்தாள். வழியெல்லாம் அந்தத் தாள் அவள் கைப்பைக்குள் நாறிக்கொண்டே வந்தது போல இருந்தது. போகட்டும். ஓர் உயிருக்காக ஒரு புளுகுத் தாள். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

இன்னாசிராஜ் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படித்தார். முகம் மலர்ந்தது. "பார்த்தியா ஆஸ்டின்! ஆறு மறைஞ்சு நிக்குதாம்! நம்ம கண்ணுக்குத் தெரியுமா இது? ஞானம்டா. எங்கேம்மா படிவம்? பேனா குடு."

"பேனாவை இங்க குடுங்க" என்றார் டோரதி.

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. இன்னாசிராஜ் கொடுத்துவிட்டார். டோரதி படிவத்தைத் தொடைமேல் வைத்து, நோயாளி என்ற இடத்தில் நிதானமாகத் தன் பெயரை எழுதினார். லிசியிடம் நீட்டினார். "உறவினர்னு இருக்கே, அதுல நீ போடு. மருமகள் போட்டா செல்லும்ல?"

"செல்லும் அத்தை."

"போடு."

லிசி போட்டாள். மணி மூன்று நாற்பத்திரண்டு.

டோரதி கணவர் கையிலிருந்த மாதவனின் தாளை மெல்ல உருவினார். நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், பக்கத்து ஸ்டூலில் மிச்சமிருந்த அரிசிக் கஞ்சிக்குள் போட்டு ஸ்பூனால் அமுக்கினார்.

"அடியே! என்ன பண்றே?"

"நாளைக்கு நான் எந்திரிச்சா மாதவனாலன்னு சொல்லுவீங்க. எந்திரிக்கலைன்னா இவளாலன்னு சொல்லுவீங்க. செத்தாலும் சரி, பொழைச்சாலும் சரி, ரெண்டையும் சொல்ல நான் விடப்போறதில்ல."

இன்னாசிராஜின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். மாதவன், தாள் வந்து சேர்ந்ததா என்று கேட்க.

"எடுக்காதீங்க" என்றார் டோரதி. "நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் எடுங்க. லிசி, நீயும் கிட்ட வா. இதைக் கேட்டா உனக்கு என் மேலதான் முதல்ல கோவம் வரும். வரணும். பதினோரு வருஷக் கோவம். ஆனா நான் எந்திரிச்சப்புறம் வந்து திட்டு. இப்ப வேண்டாம்."

லிசிக்கு ஒன்றும் புரியவில்லை. கிட்டே போனாள்.

"சர்டிபிகேட்ல இருக்கிற ஜூன் பதினஞ்சு, ஹெட்மாஸ்டர் வச்சது. ஒண்ணாப்புல சேர்க்க வயசு பத்தலை. எங்கப்பா கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாரு. ஹெட்மாஸ்டரே ஒரு தேதியை எழுதிக்கிட்டு என்னை உள்ள அனுப்பிட்டாரு. நான் நெஜமாப் பொறந்த தேதி எங்க ஊர்க் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்துலதான் இருக்கு. நம்ம கல்யாண ஓலையைக் கோயில்ல வாசிக்கிறதுக்கு முன்னாடி, அந்தத் தேதி எழுதின சீட்டு பங்குச் சாமியார் கைக்கு வந்துச்சு. மேஜை மேலதான் கிடந்துச்சு. நீங்க திரும்பிக்கூடப் பார்க்கலை. அப்பல்லாம் உங்களுக்கு எண்ணுன்னா பயம் கிடையாது. நல்ல மனுஷனா இருந்தீங்க."

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"என்ன... என்ன தேதி?" என்றார் இன்னாசிராஜ். "உன் பேர்லதானேடி கடை. பத்தொன்பது வருஷமா உன் ஆறை நம்பித்தானே..."

"வருஷா வருஷம் பாயசம் வைக்கிறேனே. நீங்களும் ரெண்டு டம்ளர் குடிக்கிறீங்களே."

"அது மாதாவுக்கு."

"பாதிதான் மாதாவுக்கு" என்றார் டோரதி. "மீதி எனக்கு. நான் பொறந்தது செப்டம்பர் எட்டு."